எல்லாருக்கும் பரீட்சை இருந்த வருஷம்

அன்று ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு வந்த பிள்ளைகள் பாதியில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்கள். நானும் திரும்பினேன்.

ஒரு பெண் நின்றிருந்தார். தூறலுக்குத் தலையில் போட்டு வந்த கோணியை எடுத்து உதறி, மடித்து, சுவரோரம் வைத்தார். பாதங்களை வாசற்கல்லில் அழுத்தித் தேய்த்துத் துடைத்துக்கொண்டார். முப்பது வயதைத் தொட்டிருப்பார்.

பிள்ளையை அழைத்துப் போக வந்த தாய் என்றுதான் நினைத்தேன்.

“இன்னாக்கா, யாரைப் பாக்கணும்?”

“உங்களத்தான் டீச்சரு. அஞ்சாங்கிளாசுல சேத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“யாரை?”

“என்னத்தான்.”

வகுப்பு மொத்தமும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது; பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன். முன் வரிசையில் ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. பலகையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அதன் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் பெயர் சாந்தி; நாலாவது படித்தாள். வாசலில் நின்ற பச்சையம்மாவின் மூத்த மகள்.

பால்வாடிக்கு வந்த வழி

எழுபதுகளின் கடைசியில், என் முதல் வேலை ஜவ்வாது மலையில் அமைந்தது. நான் ஒடுகத்தூர்க்காரி. மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் அதன் மேல் ஏறிப் போய்க் குடியிருப்பேன் என்று நினைத்ததில்லை. ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாமைக் கொல்லைகளின் ஓரமாக நடந்து போனால் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம் வரும். அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டுப் படிப்பார்கள். பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வருவார்கள்.

ஆசிரியர் நாங்கள் இரண்டே பேர். தலைமையாசிரியர் கோதண்டம் சார் சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்வார். நாலாவதும் ஐந்தாவதும் ஒரே அறையில் என் பொறுப்பு.

பச்சையம்மாவை உட்காரவைத்துக் காரணம் கேட்டேன். அந்த ஊருக்கு ஒரு பால்வாடி வரப்போகிறதாம். எட்டாவது தேறிய உள்ளூர்ப் பெண் யாராவது இருந்தால் அவருக்கே வேலை. இல்லாவிட்டால் மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து ஆள் போடுவார்கள்.

“கீழ்நாட்டு ஆளுன்னா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியும் டீச்சரு. மழ வந்தா பஸ்ஸு இல்லம்பாங்க. பஸ்ஸு வந்தா காச்சலும்பாங்க. புள்ளைங்க பூட்டுன கதவப் பாத்துட்டுத் திரும்பி வரும்.”

நானும் கீழ்நாட்டு ஆள்தான் என்பது அவருக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. “உங்களச் சொல்லல டீச்சரு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊரில் எட்டாவது தேறிய பெண் ஒருத்தியும் இல்லை. நாலாவது பாதி வரைக்கும் படித்து, பிறகு மாடு மேய்க்கப் போனவர் பச்சையம்மா. அவர்தான் இருப்பவர்களில் அதிகம் படித்தவர். ஊர்ப் பெண்கள் புளி அடித்துக்கொண்டே பேசி, அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள்.

கோதண்டம் சாரிடம் அழைத்துப் போனேன். பதிவேட்டில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஒக்காரக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. போய் ஒக்காரும்மா” என்றார்.

எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வு உண்டு, பள்ளிக்கே போகாதவர்களும் எழுதலாம் என்ற விஷயத்தை அவர்தான் விளக்கமாகச் சொன்னார். பகலில் என் வகுப்பில் உட்கார்ந்து அடிப்படையைப் பிடித்துக்கொள்வது. பள்ளி விட்ட பிறகு மேல்வகுப்புப் பாடங்களை நான் நடத்துவது. இப்படி முடிவாயிற்று.

ஊரெல்லாம் மாணவர்கள்

இந்த இடத்தில் கோதண்டம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஆரணிப் பக்கத்துக்காரர்; பள்ளியிலேயே ஓர் அறையில் தங்கியிருந்தார். ஐம்பதை நெருங்கியவர். வேட்டி ஓரத்தில் எப்போதும் சுண்ணாம்புக்கட்டித் தூள் இருக்கும். பதவி உயர்வுக்கு டிபார்ட்மெண்ட் பரீட்சை ஒன்று தேற வேண்டும். அதை வருஷம் தவறாமல் எழுதி, வருஷம் தவறாமல் கோட்டை விட்டுக்கொண்டிருந்தார். விதிமுறைப் புத்தகம் அவர் தலையணைக்குக் கீழேயே இருக்கும். “படிச்சா தூக்கம் வருது. தூங்குனா படிச்சதே கனவுல வருது. ஆனா பரீட்சையில மட்டும் வர மாட்டேங்குது” என்பார்.

நானும் சும்மா இல்லை. அஞ்சல் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஜமுனாமரத்தூர்த் தபால் நிலையத்திலிருந்து பாடக்கட்டுகள் வரும். மழைக்காலத்தில் அவை ஈரத்தில் ஒட்டிப் போயிருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்துத்தான் பிரிக்க முடியும். என் ஆங்கில இலக்கியம் முழுக்க விறகுப் புகை வாசனைதான்.

பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை. எனக்கு பி.ஏ. சாருக்கு டிபார்ட்மெண்ட். இப்போது பச்சையம்மாவுக்கு எட்டாவது. ஐந்து வயதிலிருந்து ஐம்பது வயது வரைக்கும் அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் எதற்காவது படித்துக்கொண்டிருந்தோம்.

ஆங்கிலத்துக்கு வானொலி உதவியது. பிற்பகலில் பள்ளிகளுக்கான பாட ஒலிபரப்பு உண்டு. மலைக்குள் சரியாக எடுக்காது. கரகரவென்று சத்தம்தான் வரும். சார் தன் டிரான்சிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறை மேல் ஏறுவார். பிள்ளைகள் பின்னால். பிள்ளைகளுக்குப் பின்னால் பச்சையம்மா, இடுப்பில் கைக்குழந்தையுடன்.

“திஸ் ஈஸ் எ மேங்கோ” என்று வானொலிப் பெண் சொல்வார். பாறை மேலிருந்து ஒரு கூட்டமே திருப்பிச் சொல்லும். கீழே ஆடு மேய்ப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அவர்களில் சிலர் பல நாள் வரைக்கும் என்னைப் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் “மேங்கோ” என்றார்கள்.

சாந்தியின் கோபம்

இத்தனை கொண்டாட்டத்திலும் சாந்தி முகம் கொடுக்கவில்லை.

வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள். உச்சரிப்பு சுத்தம். கையெழுத்து அழகு. கரும்பலகைக்கு ஊமத்த இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசும் நாளில் மற்ற பிள்ளைகளை வேலை வாங்குவதும் அவள்தான். அவளுக்குப் பின் வரிசையில் அம்மா.

பச்சையம்மாவுக்குச் சந்தேகம் வந்தால் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. “டீச்சரு, கடலு கடலுன்றீங்களே, அதுல அவ்ளோ உப்ப யாரு கொட்டுனது?” என்று உரக்கக் கேட்பார். வகுப்பு சிரிக்கும். சாந்தியின் காது சிவக்கும். ‘கப்பல்’ என்று வாசிக்க வேண்டியதை ஒருமுறை ‘கம்பளி’ என்று வாசித்துவிட்டார். அன்றிலிருந்து பையன்கள் சாந்தியைக் கம்பளி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை சாந்தி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பச்சையம்மா மட்டும் வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

“சாந்திக்கு உடம்பு சரியில்லையாக்கா?”

“நல்லாத்தான் கீறா. ‘நீ போனா நான் போ மாட்டேன்’றா. அடிச்சும் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நான் நின்னுக்கறேன் டீச்சரு. புள்ள படிக்கட்டும். நான் படிச்சு அவ படிப்பக் கெடுத்தா அது இன்னா படிப்பு?”

 போ என்று சொல்ல மனம் வரவில்லை. இரு என்று சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கோதண்டம் சார் குடையை எடுத்தார். “வூட்ல இருக்கறாளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

அவர் அங்கே என்ன பேசினார் என்பதைப் பிறகு சாந்தியே எனக்குச் சொல்லியிருக்கிறாள். சார் வாசலில் கிடந்த உரல் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாராம். திட்டவில்லையாம்.

“சனிக்கிழமை எங்களுக்கெல்லாம் பரீட்சை வெக்கலாம்னு இருக்கேன். சொல்வதை எழுதுதல். எனக்கு, டீச்சருக்கு, உங்கம்மாவுக்கு, எல்லாருக்கும். வார்த்தை சொல்றதுக்குத்தான் ஆளு இல்ல. நீ வந்து நடத்துவியா?”

“நீங்களும் எழுதுவீங்களா சார்?”

“எழுதுவேன்.”

“தப்பா எழுதுனா?”

“தப்பு போடு.”

 “கஷ்டமான வார்த்தையா சொல்லுவேன்” என்றாளாம்.

சனிக்கிழமைப் பரீட்சை

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

சாந்தி தலைக்கு எண்ணெய் வைத்து, படியப் பின்னி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். என் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் நின்றாள். சாரும் நானும் தரையில் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். சாருக்கு முட்டி மடங்கவில்லை. அதற்கே பிள்ளைகள் ஒருபாட்டம் சிரித்து முடித்தார்கள். பச்சையம்மா மகளைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்து எழுதக் கூடாது. பேசக் கூடாது” என்றாள் சாந்தி. அச்சு அசலாக என் குரல். நான் அவ்வளவு கடுகடுப்பாகப் பேசுவேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சொன்னபடியே கஷ்டமான வார்த்தைகள்தான். கருணைக்கிழங்கு. மூங்கில் குருத்து. இயற்கைச் சீற்றம். கடைசியாக, சாரின் மேசையில் எப்போதும் கிடக்கும் காகிதத்தில் பார்த்த வார்த்தை: சுற்றறிக்கை.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பலகையாக வாங்கிப் பார்த்தாள். என்னுடையதில் ‘இயற்கைச் சீற்றம்’ என்பதில் ஒற்று இல்லை. பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். அடுத்தது சாருடையது. பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

தினமும் சுற்றறிக்கையைப் படித்து, சுற்றறிக்கைக்குப் பதில் எழுதி, சுற்றறிக்கையாலேயே தலை நரைத்துப் போன மனிதர் ‘சுற்றரிக்கை’ என்று எழுதியிருந்தார்.

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். சார்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அவர் வேண்டுமென்றே அப்படி எழுதினாரா என்று பின்னாளில் கேட்டேன். “சத்தியமா இல்லம்மா. அதனாலதான எனக்கு பாஸே ஆக மாட்டேங்குது” என்றார்.

அம்மாவின் பலகை கடைசியில் வந்தது. பாதிக்குப் பாதி தப்பு. சாந்தி கீழே உட்கார்ந்தாள். எங்களுக்குப் போட்டது போல் பெருக்கல் குறி போடவில்லை. தப்பான ஒவ்வோர் எழுத்தையும் சுழித்து, பக்கத்தில் சரியானதைச் சின்னதாக எழுதிக்கொண்டு வந்தாள்.

“பரவால்லமா. சாரே தப்பு” என்றாள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒரே கோணியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, மழையில் சேர்ந்து வந்தார்கள். அதன் பிறகும் பையன்கள் கம்பளி என்று கூப்பிட்டார்கள்தான். சாந்தி திரும்பி, “சுற்றறிக்கை எழுது பாக்கலாம்” என்பாள். அவர்கள் ஓடிவிடுவார்கள்.

காய்ச்சல் கடிதம்

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல் படிப்பு. கணக்கும் அறிவியலும் மெல்ல மெல்லப் பிடிபட்டன. ஆங்கிலம்தான் பயமுறுத்தியது. ஒரு கடிதமாவது மனப்பாடமாக இருக்கட்டும் என்று விடுப்புக் கடிதம் சொல்லிக்கொடுத்தேன். “ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்” என்று தொடங்கும் அதே கடிதம்தான். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்தது. அர்த்தத்தையும் சொன்னேன். பச்சையம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பரீட்சை மையம் மலைக்குக் கீழே, எங்கள் ஒடுகத்தூர்ப் பக்கம். புறப்படும் நாளில் நல்ல மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் மேலே வரவில்லை என்று செய்தி வந்தது. பச்சையம்மாவின் கணவர் சடையன் அதிகம் பேசாதவர். அரிவாளை எடுத்து இடுப்பில் செருகினார். “நடக்கலாம்” என்றார்.

காட்டு வழியாக இறங்கினோம். சடையன் முன்னால் முள்ளை வெட்டி ஒதுக்கிக்கொண்டே போனார். ஹால் டிக்கெட்டை உரமூட்டையின் பிளாஸ்டிக் உள்பையில் சுற்றி, தலைப்பாகைக்குள் வைத்திருந்தார். இரண்டு இடத்தில் ஓடை குறுக்கிட்டது. பச்சையம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் நின்றபடி, “டீச்சரு, ராஜா ஆட்சின்றது ஒத்த ஆளு ஆள்றது, மக்களாட்சின்றது இன்னா?” என்று குடிமையியல் கேட்டார். நான் வழுக்கி விழாமல் பதில் சொன்னேன்.

எங்கள் வீட்டில் தங்கினோம். என் அம்மா சூடாகக் களி கிண்டி, வேர்க்கடலைச் சட்னி அரைத்து வைத்தார். பச்சையம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல இன்னாத்துக்கும்மா பரீட்சை?” என்றார்.

“வயசுக்கா பரீட்சை வெக்கறாங்கோ? படிப்புக்குத்தானமா வெக்கறாங்கோ” என்றார் பச்சையம்மா. அம்மா இன்னொரு உருண்டை களி வைத்தார்.

காலையில் பரீட்சைப் பள்ளியின் வாசலில் இருந்தவர் பச்சையம்மாவைத் தடுத்தார். “பெத்தவங்க வெளியில நில்லுங்கம்மா. புள்ளைங்க மட்டும் உள்ள.”

“நான்தாங்க புள்ள” என்று டிக்கெட்டை நீட்டினார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் மட்டுமல்ல. லைசென்ஸ் வாங்க எட்டாவது வேண்டும் என்று வந்த லாரி கிளீனர், பதவி உயர்வுக்காக வந்த நரைமீசை ஆபீஸ் பியூன், தாலியில் மஞ்சள் காயாத புதுப்பெண் ஒருத்தி. எல்லாரும் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பேனாவை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சடையன் பரீட்சை முடிகிற வரைக்கும் எல்லா நாளும் வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றார். டீ குடிக்கக்கூட நகரவில்லை.

ஆங்கிலப் பரீட்சை முடிந்து வந்த பச்சையம்மாவிடம் ஓடினேன். “லீவு லெட்டர் வந்துதாக்கா?”

“வந்துது டீச்சரு.”

“அப்பாடா! காய்ச்சல் கடிதத்தை எழுதுனீங்க இல்ல?”

“எனக்குத்தான் காச்சல் இல்லியே. பரீட்சையில போய்ப் பொய் எழுத மனசு வரல. நம்ம செவலப்பசு கன்னு போட்டுச்சே, அத எழுதிட்டேன்.” இங்கிலீஷில் சொல்லியும் காட்டினார். “மை கவ் கிவ் ஒன் பேபி. ஐ நாட் கம் டுமாரோ. தேங்க் யூ சார்.”

மலையேறித் திரும்பியதும் முதல் வேலையாகப் பள்ளியில் அதைச் சொன்னேன். கோதண்டம் சார் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தக் கடிதத்துக்கு மார்க் போகும், அதோடு ஆங்கிலமும் போகும், ஆங்கிலத்தோடு பால்வாடியும் போகும் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்துக் கலங்கினோம். பச்சையம்மாவிடம் சொல்லவில்லை. அவர் சாமைக் கொல்லையில் களை எடுக்கப் போய்விட்டார்.

நீண்ட மணி

தபால்காரர் வந்தது ஒரு நல்ல வெயில் நாளில். மதியச் சோற்றுக்குக் கொள்ளுக் குழம்பு கொதிக்கும் வாசனை பள்ளி முழுக்க இருந்தது. சாருக்கு இரண்டு உறைகள். முதலாவதைப் பிரித்தார். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப் போய், மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்கத் தொடங்கினார்.

எங்கள் பள்ளியில் நீண்ட மணி என்றால் பள்ளி விட்டாயிற்று என்று அர்த்தம். சார் அடித்த அடியில் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். சொல்வதற்கு நல்ல செய்தி இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. சாந்தி மட்டும் நின்றாள். சாரின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, அம்மாவைத் தேடிக் கொல்லைப் பக்கம் பறந்தாள்.

பள்ளிக்குத் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் பச்சையம்மா களைக்கொத்தோடு ஓடி வந்தார். பின்னால் சடையன், குடம் தண்ணீரோடு.

“பாஸும்மா! எட்டாவது பாஸ்! எல்லாப் பாடமும்!” என்று கத்தினார் சார். ஆங்கிலத்தில் பாஸ் மார்க்கைத் தாண்டிக் கொஞ்சம்தான். யாரோ ஒரு புண்ணியவான் பசுமாட்டுக்கு மார்க் போட்டிருக்கிறார். அவர் யாரென்று கடைசி வரைக்கும் தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

பச்சையம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மண் படிந்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தார். சாந்தியிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னார். அவள் படிக்கப் படிக்க ஒவ்வொரு பாடத்துக்கும் சடையன், “சரி, சரி” என்று தலையாட்டினார். தூக்கி வந்த குடத்தைக் கீழே வைக்கவே மறந்துவிட்டார்.

பால்வாடி வர இன்னும் ஒரு வருஷம் இழுத்தது. வந்தபோது அந்த வேலை பச்சையம்மாவுக்குத்தான் கிடைத்தது. நான் மாற்றலாகிப் போகும்வரை அந்தக் கதவு பூட்டிக் கிடந்த ஒரு வேலை நாளை நான் பார்த்ததில்லை.

ஆனால் அன்றைக்கு நடந்த இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு பச்சையம்மாவின் கண் சாரின் கையில் இருந்த இரண்டாவது உறையின் மேல் விழுந்தது.

“உங்குளுது இன்னா ஆச்சு சாரு?”

சார் உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “அது... இந்த வாட்டியும் இல்லம்மா. வுடு. எனக்கும் வயசாச்சு. இனிமே எழுதப் போறது இல்ல.”

பச்சையம்மா களைக்கொத்தைச் சுவரில் சாத்தினார். நேராக சாரின் அறைக்குள் போனார். தலையணைக்கு அடியிலிருந்த விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வந்தார். மரத்தடியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தார்.

“வந்து ஒக்காருங்க சாரு. நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க.”

சார் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பச்சையம்மா விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, முதல் விதியை வாசித்து, கேள்வி கேட்டார். சார் ஏதோ பதில் சொன்னார்.

“தப்பு சாரு. மறுக்கா சொல்லுங்க.”

சாயங்காலங்களில் அது தொடர்ந்தது. அடுத்த முறை அவர் தேறிவிட்டார்.